அமெரிக்கக் கல்லூரி: "கிடைக்குமா?" என்று கணக்குப் போடுவது எப்படி

போன மாதம் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒருவர் பிடித்துக்கொண்டார். "அண்ணா, பையனுக்கு ஜி.பி.ஏ. 4.4, எஸ்.ஏ.டி. 1530. ஸ்டான்ஃபோர்ட் கிடைக்குமா?" (ஜி.பி.ஏ. என்பது பள்ளி மதிப்பெண்களின் சராசரி, எஸ்.ஏ.டி. 1600-க்கு நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வு.) சென்னையிலிருந்து மாற்றலாகி டாலஸுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது அவருக்கு. நான் பதிலுக்கு ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. அவர் மேல் தப்பில்லை. இங்கே அதையெல்லாம் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தக் கேள்விகளைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இந்தச் சுற்றை முடித்துவிட்டார்கள். மூத்தவளுக்கு நான் போட்ட கணக்கில் பாதிக்கு மேல் தப்பு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சங்கதி. நாம் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. 197.5 வாங்கினால் போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இருவர் எல்லாவற்றிலும் சமமாக நின்றால் கடைசியில் ரேண்டம் எண்தான். அமெரிக்காவின் கடினமான கல்லூரிகளில் அப்படி ஒரு கோடு கிடையாது. 1530 வாங்கியவன் வெளியே நிற்பான், 1470 வாங்கியவள் உள்ளே போவாள், இரண்டுமே அங்கே சாதாரணம். அதனால் "என் பிள்ளைக்கு 37 சதவீத வாய்ப்பு" என்று எந்த இணையக் கால்குலேட்டர் சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள். நம்மால் ஆகக்கூடியது வேறு. ஒவ்வொரு கல்லூரியையும் ரீச் (எட்டாக்கனி), டார்கெட் (நியாயமாக எதிர்பார்க்கலாம்), சேஃப்டி (கிட்டத்தட்ட நிச்சயம்) என்ற மூன்று கூடைகளில் எதில் போடுவது என்று ஓரளவு நியாயமாக முடிவு செய்யலாம். அதற்கே நிறைய வேலை இருக்கிறது.

படி 1: டிரான்ஸ்கிரிப்ட்டை அவர்கள் கண்ணால் படியுங்கள்

9 முதல் 12 வரையிலான நான்கு வருட மதிப்பெண் ஏடுதான் டிரான்ஸ்கிரிப்ட். விண்ணப்பத்தில் முதல் எடை இதற்குத்தான். நம்மவர்கள் 4.4, 4.6 என்று சொல்வது வெயிட்டட் ஜி.பி.ஏ., அதாவது ஏ.பி. (கல்லூரித் தரத்தில் நடத்துவது), ஹானர்ஸ் (வழக்கத்தைவிடச் சற்றுக் கடினமானது) பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்தது. அந்தக் கூடுதல் எவ்வளவு என்பது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் மாறும். 5 வரை போகும் பள்ளியும் உண்டு, 6 வரை போகும் பள்ளியும் உண்டு. ஆகவே உங்கள் 4.4-ஐ நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர் மகனின் 4.4-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. பல கல்லூரிகள் தங்கள் முறைப்படி திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 10, 11-ஆம் வகுப்புப் பாடங்களை வைத்துத் தனி ஜி.பி.ஏ. போடுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது 4.0-க்கு எவ்வளவு என்ற வெயிட் இல்லாத எண். அப்புறம் அதில் எத்தனை பி, எந்த வருடம், எந்தப் பாடத்தில் என்பது.

எண்ணைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் பள்ளி தருகிற பாடங்களில் எவ்வளவு கடினமானவற்றைப் பிள்ளை எடுத்திருக்கிறான்? பள்ளியின் கவுன்சலர் (நம்மூர் வார்டு கவுன்சிலர் இல்லை, பாட ஆலோசகர்) கல்லூரிக்கு அனுப்பும் படிவத்தில் இதைக் கேட்டு ஒரு கேள்வியே இருக்கிறது. "மிகக் கடினமான பாடத் தேர்வு" என்ற கட்டத்தில் அவர் டிக் போட்டாரா, அதற்கு ஒரு படி கீழே போட்டாரா என்பது உங்களுக்குத் தெரிய வராது. ஆனால் கேட்கலாம். 11-ஆம் வகுப்பின் தொடக்கத்திலேயே நேரம் வாங்கிப் போய், "இவள் இப்போது எடுக்கும் பாடங்களோடு போனால் எந்தக் கட்டத்தில் வருவாள்?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மழுப்பாமல் சொல்வார்கள். கூடவே பள்ளி புரொஃபைல் என்ற இரண்டு பக்கத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் எத்தனை ஏ.பி. பாடங்கள் உண்டு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்றெல்லாம் அதில் இருக்கும். கல்லூரி உங்கள் பிள்ளையை அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறது. ஏழு ஏ.பி. மட்டுமே உள்ள பள்ளியில் ஆறு எடுத்தவள், இருபத்தைந்து உள்ள பள்ளியில் எட்டு எடுத்தவனைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

புதிதாக வந்தவர்கள் கணிதத்தில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். இங்கே அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரிகால்குலஸ், கால்குலஸ் என்று ஒரு ஏணி. அதில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது 7, 8-ஆம் வகுப்பிலேயே தீர்மானமாகிவிடும். இந்தியாவில் எட்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளையை, ரிப்போர்ட் கார்டில் வெறும் "மேத்ஸ்" என்று இருப்பதால், கீழ்ப்படியில் சேர்த்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு அதெல்லாம் ஏற்கெனவே தெரியும், "ஈஸியா இருக்குப்பா" என்பான். நாமும் சந்தோஷப்படுவோம். 12-ஆம் வகுப்பில்தான் கால்குலஸ் தொடவே முடியவில்லை என்று புரியும். சேர்க்கும் அன்றே தகுதித் தேர்வு வையுங்கள் என்று கேளுங்கள். கோடையில் ஒரு பாடத்தை முடித்து ஒரு படி தாண்ட மாவட்டம் அனுமதிக்குமா என்றும் விசாரியுங்கள். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஆசைப்படுகிற வீடு என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: கல்லூரி தானே வெளியிடும் எண்களை எடுங்கள்

காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம். பெரும்பாலான கல்லூரிகள் வருடா வருடம் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் பி.டி.எஃப். வரும். முழுதும் படிக்க வேண்டாம், சி பகுதி போதும்.

சி1-இல் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று இருக்கும். சி7 ஓர் அட்டவணை. மதிப்பெண், பாடக் கடினம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், முன்னாள் மாணவர் உறவு, "எங்கள் கல்லூரியில் எவ்வளவு ஆர்வம் காட்டினார்" என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மிக முக்கியம், முக்கியம், பார்ப்போம், பார்க்க மாட்டோம் என்று கல்லூரியே குறித்திருக்கும். ஆர்வத்துக்கு எதிரே "பார்க்க மாட்டோம்" என்று போட்ட கல்லூரிக்கு அதற்காகவே விமானம் ஏறிப் போய் வரவேற்பறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதில்லை. (நாங்கள் போனோம். நல்ல பீட்ஸா சாப்பிட்டோம்.) சி9-இல் எஸ்.ஏ.டி. மதிப்பெண்களின் 25, 75-ஆவது சதமானங்கள் இருக்கும், அதாவது சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் முதல் எண்ணுக்குக் கீழே, கால்வாசிப் பேர் இரண்டாவதற்கு மேலே. பிள்ளையின் மதிப்பெண் 75-க்கு மேலே இருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. 25-க்குக் கீழே என்றால், வேறு ஏதோ ஒன்று மிகப் பலமாக இருந்தாக வேண்டும். எம்.ஐ.டி.யில் கணிதப் பகுதியின் 75-ஆவது சதமானம் 800, அதாவது முழு மதிப்பெண். அங்கே 800 வாங்குவதால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள்.

தேர்வு கேட்கிறார்களா என்பதையும் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாருங்கள். கோவிட் காலத்தில் பல கல்லூரிகள் எஸ்.ஏ.டி.யை விருப்பமாக்கின. எம்.ஐ.டி. 2022-இல் திரும்பக் கட்டாயமாக்கியது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் 2024-இல் அதே வழிக்கு வந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவுக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. 1600 வாங்கினாலும் அதன் பெர்க்லி வளாகத்துக்கு அது தெரியாது.

சரி, எடுக்கும் விகிதத்தை எப்படிப் படிப்பது? 2024-இல் ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. யு.சி.எல்.ஏ.வுக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) 1,45,000 விண்ணப்பங்களுக்கு மேல் வருகின்றன, இடம் பெறுவோர் ஒன்பது சதவீதம் அளவில். நான் வைத்திருக்கும் விதி கொஞ்சம் கடுமையானது. மொத்த விகிதம் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது யாருக்கும் டார்கெட் இல்லை. உங்கள் பெண் தேசிய அளவில் பரிசு வாங்கியிருந்தாலும் அதை ரீச் கூடையிலேயே வையுங்கள்.

படி 3: உங்கள் பள்ளியில் நடந்ததைப் பாருங்கள்

நாடு முழுவதற்குமான சதவீதத்தைவிட, உங்கள் பள்ளியிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போனவர்களின் கதை பயன் உள்ளது. நிறையப் பள்ளிகளில் நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் என்ற மென்பொருள் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கணக்கு வழியாக உள்ளே போனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு வரைபடம் காட்டும். கிடையில் எஸ்.ஏ.டி., செங்குத்தில் ஜி.பி.ஏ. கடந்த சில வருடங்களில் விண்ணப்பித்த மாணவர்கள் பெயரில்லாத புள்ளிகளாக, கிடைத்தவர் ஒரு நிறத்தில், கிடைக்காதவர் வேறு நிறத்தில்.

உங்கள் பிள்ளையின் புள்ளியைச் சுற்றிப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் புள்ளிகளில் முக்கால்வாசி கிடைத்த நிறம் என்றால் அது டார்கெட் என்று நம்பலாம். மேல் வலது மூலையிலேயே இரண்டு நிறமும் குழம்பிக் கிடந்தால் ரீச். தனியாக ஒரு புள்ளி கீழே இருந்து உள்ளே போயிருந்தால் அதைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். அது விளையாட்டு வீரராக இருக்கலாம், அந்தக் கல்லூரிப் பேராசிரியரின் மகளாகவும் இருக்கலாம். வரைபடம் அதையெல்லாம் சொல்லாது. மென்பொருள் இல்லாத பள்ளி என்றால் கவுன்சலரிடமே கேளுங்கள்: "கடந்த மூன்று வருடத்தில் இவள் மாதிரி இருந்தவர்கள் எங்கே போனார்கள்?"

படி 4: எந்த மாநிலம், எந்தப் பாடம்

அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு கதவு, வெளி மாநிலத்தவருக்கு இன்னொரு கதவு. வட கரோலைனாவின் சாப்பல் ஹில்லில் புதிய மாணவர்களில் வெளி மாநிலத்தவர் 18 சதவீதம் மட்டும். மொத்த விகிதத்தைப் பார்த்து "பரவாயில்லையே" என்று நினைக்கும் டெக்சஸ்காரருக்கு உண்மையான விகிதம் அதைவிட வெகு குறைவு.

எங்கள் டெக்சஸ் கதை கொஞ்சம் நம்மூர்ப் பாணி. 1997-இல் வந்த சட்டப்படி, மாநிலப் பள்ளிகளில் வகுப்பின் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு குறைவு. முதல் 6 சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். இதைக் கேட்டதும் நமக்கு அப்பாடா என்றிருக்கும், கடைசியில் ஒரு கட்-ஆஃப்! ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் என்பது விரும்பிய பாடத்தில் இடம் ஆகாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங், பிசினஸ் எல்லாம் தனிப் பரிசீலனை. முதல் 2 சதவீதத்தில் வந்தும் கேட்ட பாடம் கிடைக்காமல் வேறு துறை கிடைத்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பாடம் என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு முதலில் தெரியாது. கார்னகி மெலனிலும், இல்லினாயின் அர்பானா-ஷாம்பெய்னிலும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கான விகிதம் கல்லூரியின் பொது விகிதத்தைவிட மிகக் கீழே. பொது விகிதத்தை மட்டும் பார்த்து அர்பானாவை டார்கெட் என்று எழுதிய பெற்றோர் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் ஓர் ஆறுதல். துறைவாரி எண்ணைச் சில கல்லூரிகள் வெளியிடுகின்றன. வெளியிடாத இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஒரு கூடை மேலே ஏற்றிப் போடுங்கள், டார்கெட்டை ரீச் ஆக்குங்கள். "வேறு பாடத்தில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், அந்தக் கல்லூரியில் மாற விடுகிறார்களா என்று அவர்கள் இணையதளத்தில் படித்த பிறகு நம்புங்கள். பல இடங்களில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

படி 5: நமக்கில்லாத இடங்களைக் கழியுங்கள்

தனியார் கல்லூரிகளில் ஒரு பகுதி இடங்கள் வேறு கணக்கில் போகின்றன. கல்லூரி அணிக்கு அழைக்கப்படும் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் குடும்பங்கள், ஆசிரியர் பிள்ளைகள். இவர்களுக்கு இருப்பதை இங்கே "ஹுக்" என்கிறார்கள். ஹார்வர்ட் மீது போடப்பட்ட வழக்கில் இந்தத் தரவுகள் வெளியே வந்தன. முன்னாள் மாணவர் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது, மற்றவர்களில் ஆறு சதவீதம் பேருக்கு. இடம் பெற்ற வெள்ளை இன மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேல் இந்த நான்கு வகைகளில் ஒன்றில் வந்தவர்கள். அந்த வழக்கில்தான் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. முன்னாள் மாணவர் சலுகையைத் தொடவில்லை. எம்.ஐ.டி. அந்தச் சலுகை தருவதில்லை, ஜான்ஸ் ஹாப்கின்ஸும் ஆம்ஹர்ஸ்டும் கைவிட்டுவிட்டன.

எர்லி டிசிஷன் எண்களையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். நவம்பர் 1 வாக்கில் ஒரே கல்லூரிக்கு, கிடைத்தால் வருவேன் என்று பிள்ளை, பெற்றோர், கவுன்சலர் மூவரும் கையெழுத்திட்டு அனுப்புவது அது. பிரவுன் 2024 சேர்க்கைக்கு இந்த வழியில் 14 சதவீதம் பேரை எடுத்தது, மொத்த விகிதமோ 5. உடனே "மூன்று மடங்கு வாய்ப்பு" என்று குதிக்காதீர்கள். விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நிற்பார்கள். அவர்களைக் கழித்தால் மிஞ்சும் சாதகம் கொஞ்சம்தான், ஆனால் உண்மையானது.

வகுப்புக்கு வெளியே செய்வதை எடை போடுவதுதான் நமக்கு வலிக்கும் பகுதி. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்து நடவடிக்கைகள் எழுதலாம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துகள். விண்ணப்பங்களைப் பகுதி வாரியாகப் பிரித்துப் படிக்கிறார்கள். எங்கள் பகுதியைப் படிப்பவர் ஒரே வாரத்தில் எத்தனை அரங்கேற்றம் பார்ப்பார் என்று யோசியுங்கள். பத்து வருடம் பரதம் ஆடிய உழைப்பு குறைந்ததில்லை. ஆனால் அது மட்டும் தனித்துக் காட்டாது. அதை வைத்து அவள் வேறென்ன செய்தாள்? அண்டை வீட்டுச் சிறுமிகளுக்கு மூன்று வருடம் இலவசமாகச் சொல்லித் தந்தாளா? எழுத வேண்டியது அதை. நம் பிள்ளைகள் விட்டுவிடும் இன்னொன்று, தமிழ். பல மாநிலங்களில் இரு மொழித் தேர்ச்சிக்கான முத்திரை டிப்ளமோவில் (பள்ளி முடித்த சான்றிதழில்) வரும், கலிஃபோர்னியா 2012 முதல் தருகிறது. சில மாவட்டங்களில் தமிழுக்கு மொழிப் பாட கிரெடிட்டும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

படி 6: விசா, பணம்

இதைப் பட்டியல் போடும் முன்னாலேயே பாருங்கள், பின்னால் பார்த்தால் சண்டை வரும். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) உள்ள பிள்ளை அமெரிக்க மத்திய அரசின் ஃபாஃப்சா கல்வி உதவிக்குத் தகுதி பெறமாட்டாள். பல தனியார் கல்லூரிகள் உதவித்தொகைக் கணக்கில் அவளை வெளிநாட்டு மாணவியாகவே வைக்கும். குடும்பத்துக்குப் பணம் தேவையா என்று பார்க்காமல் வெளிநாட்டு மாணவரைப் பரிசீலிக்கும் கல்லூரிகள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் என்று ஒரு சிறிய கூட்டம்தான். மற்ற பல இடங்களில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறையும். ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள்) கல்லூரிகள் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை, தேவைக்கான உதவி மட்டும். பல மாநிலங்களில் ஹெச்-4 பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம் உண்டு, உங்கள் மாநில விதியைப் படியுங்கள். 21 வயதில் ஹெச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் காட்டும்) வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். கட்ட முடியாத கல்லூரி எந்தக் கூடையிலும் சேராது.

படி 7: கீழிருந்து பட்டியல் போடுங்கள்

ஒரு கற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். டாலஸ் பக்கத்துப் பிளேனோவில் படிக்கிறாள், வகுப்பில் முதல் 9 சதவீதம், வெயிட் இல்லாத ஜி.பி.ஏ. 3.9, எஸ்.ஏ.டி. 1490, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். ஹுக் எதுவும் இல்லை.

முதலில் சேஃப்டி. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் சட்டப்படி இடம் உண்டு. பாடமும் உறுதியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஹூஸ்டனும் அப்படியே. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பல்கலைக்கழக இடம் நிச்சயம், இன்ஜினியரிங் தனிப் பரிசீலனை, ஆகவே அது டார்கெட். ஆஸ்டின் தானாகக் கிடைக்கும் வரம்புக்கு வெளியே, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேறு, ஆகவே ரீச். பர்டூவும் ரீச். கார்னகி மெலன் ரீச்சுக்கும் மேலே ஒரு கூடை இருந்தால் அதில். இப்படிப் பார்த்தால் டார்கெட் கூடை ஏறக்குறையக் காலியாகத் தெரிகிறது இல்லையா? வேலை அங்கேதான். அவள் மதிப்பெண் 75-ஆவது சதமானத்தில் விழும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனிக் கதவு போடாத, மூன்று நான்கு கல்லூரிகளை ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

சேஃப்டி என்றால் இடம் கிடைக்கும், கட்ட முடியும், போகவும் பிடிக்கும். மூன்றும் இருக்க வேண்டும். என் மூத்தவளுக்கு நான் எழுதிய சேஃப்டியில் முதல் இரண்டு மட்டும் இருந்தன. ஏப்ரலில் கையில் அது ஒன்றுதான் மிஞ்சியபோது அவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

ரீச் கூடையில் எத்தனை? நான் அப்போது எக்செலில் ஒரு கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் என்றால், பத்துக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்க 40 சதவீதம், இருபதுக்குப் போட்டால் 64. மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். அந்தக் கணக்கு, ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத் தாயம் உருட்டினால்தான் செல்லும். எல்லோரும் படிப்பது அதே டிரான்ஸ்கிரிப்ட், அதே 650 சொல் கட்டுரை, அதே இரண்டு ஆசிரியர் கடிதம். ஒருவருக்கு அது சப்பென்று இருந்தால் மற்றவருக்கும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கட்டுரை கேட்கும். பதினைந்தாவது "ஏன் எங்கள் கல்லூரி?" கட்டுரையை டிசம்பர் 31 இரவு எழுதும் பிள்ளையின் எழுத்து எப்படி இருக்கும் என்று நான் நேரில் பார்த்தேன். ரீச் நான்கைந்து, டார்கெட் நான்கைந்து, சேஃப்டி இரண்டு. இளையவனுக்கு இப்படித்தான் வைத்தோம்.

டிசம்பரில் ஒருமுறை திரும்பப் பாருங்கள்

நவம்பரில் அனுப்பியதற்கு டிசம்பர் நடுவில் பதில் வரும். இல்லை என்று வந்தால் பட்டியலின் மேல்பகுதியை நிதானமாக மறுபடி எடை போடுங்கள். அவசரத்தில் இன்னும் ஐந்து ரீச் சேர்ப்பதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. டிஃபர் என்று வந்தால், ஜனவரியில் விண்ணப்பிக்கும் மற்றவர்களின் வரிசைக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 12-ஆம் வகுப்பின் அரையாண்டு மதிப்பெண்கள் போய்ச் சேரும், அவை நன்றாக இருக்கட்டும். இடம் கிடைத்துவிட்டதென்று கடைசிப் பருவத்தில் தூங்கிவிட்டால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை கல்லூரிக்கு உண்டு.

மார்ச் கடைசியில் மீதி முடிவுகள் வரும். மே 1-க்குள் ஏதாவது ஓர் இடத்தில் முன்பணம் கட்டியாக வேண்டும். வெயிட்லிஸ்ட் (காத்திருப்போர் பட்டியல்) என்று வந்த கல்லூரியின் காமன் டேட்டா செட்டில் சி2-ஐத் திறந்து, போன வருடம் அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை பேரை எடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு, இன்னொரு கல்லூரியில் பணம் கட்டுங்கள். சில வருடங்களில் அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம் என்றே இருக்கும்.